மூக்கு மருந்து

திராட்சைக்கு மருந்தடிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பந்தலுக்குள் குனிந்து நுழைவதற்கு முன்னால் ஸ்பிரேயர் கன்னை வானத்தைப் பார்த்துத் தூக்கி ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார்கள். முனையில் இருக்கிற நாசில் அடைத்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். கழுத்து ஒடியக் குனிந்து உள்ளே போன பிறகு, மருந்து வரவில்லையே என்று முழிப்பதைவிட இது எவ்வளவோ மேல். நாராயணத்தேவன்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை போட்டிருந்த சுருளிக்கும் அந்தப் பழக்கம் உண்டு. தொழிலுக்கு அது நல்லதுதான். ஆனால் அதே பழக்கத்தைத் தன் மகளின் மூக்கு மருந்துக்கும் கொண்டுபோனான் பாருங்கள், அங்கேதான் புத்தி கெட்டுப்போனது.

மகள் பெயர் கயல். நாலாம் வகுப்பு படிக்கிறாள். நடக்கப் பழகிய நாளிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. பெரும்பாலும் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். போன வருஷம் மட்டும் ஒன்று வந்தது, நிற்கவே இல்லை. சுருளி பைக்கை ஓட்ட, பிள்ளையை நடுவில் வைத்து அவன் மனைவி விஜயராணி பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொள்ள, கம்பம் போய்ச் சேர்வதற்குள் பிள்ளையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. பிழைத்துக்கொண்டாள் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வலது கையால் சோற்றைப் பிசைய அவளுக்கு வரவில்லை. அம்மா பேர் என்ன என்று கேட்டால் யோசித்துச் சொன்னாள். அவள் யோசிப்பதைப் பார்த்து சுருளி மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதான்.

அதன் பிறகுதான் தேனியில் ஒரு டாக்டர் அந்த மூக்கு மருந்தை எழுதிக் கொடுத்தார். கட்டைவிரல் தண்டிக்கு ஒரு வெள்ளைப் பாட்டில். மேலே அமுக்கினால் மூக்குக்குள் பூஞ்சாரலாக அடிக்கும்.

“வலிப்பு வந்ததும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் திணிக்காதீங்க. மணியைப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துல நிக்கலைன்னா, இவ எடைக்கு இந்த மூக்குல ரெண்டு தடவை, அந்த மூக்குல ரெண்டு தடவை. அதுக்கு மேல நீங்களா ஒரு தடவைகூட அமுக்கக் கூடாது. இது ஆளை அசத்துற மருந்து. வலிப்பை நிறுத்தும், அளவு கூடுனா மூச்சையும் குறைச்சிரும். கொடுத்ததும் நூத்தியெட்டைக் கூப்பிடுங்க, மூச்சையே பார்த்துக்கிட்டு இருங்க” என்றார் டாக்டர்.

விஜயராணி எல்லாவற்றையும் அவரிடமே ஒரு முறை திருப்பிச் சொல்லிக் காட்டினாள். சுருளி தலையைத் தலையை ஆட்டினான். அவன் மண்டைக்குள் ஏறியது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைக்கும் அன்றைக்குப் பார்த்த அந்த நீல உதட்டுக்கும் நடுவில் இனி இந்தச் சின்னப் பாட்டில்தான் இருக்கிறது.

பாட்டிலை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவை மஞ்சப்பையில் போட்டு, நிலைக்கதவு ஓரத்து ஆணியில் மாட்டினார்கள். தோட்டத்துக்குக் கயல் வந்தால் பையும் கூடவே வரும். மறுநாள் விடிந்ததும் விஜயராணி பால் கறக்கப் போன நேரம் பார்த்து, சுருளி பாட்டிலை எடுத்து ஒரு தடவை அமுக்கிப் பார்த்தான். சாரல் அழகாக வந்தது. அவன் நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியது. அதற்கடுத்த நாள் மறுபடியும் கல் ஏறிக்கொண்டது. நேற்று வந்தது சரி, ராத்திரியில் அடைத்துப் போயிருந்தால் என்ன செய்வது? மறுபடி ஒரு அமுக்கு. இப்படியே அது தினப்படிக் காரியமாகிவிட்டது. பல் விளக்குவது போல, பிள்ளைக்குத் திருநீறு பூசுவது போல, காலையில் ஒரு அமுக்கு அமுக்கினால்தான் அவனால் தோட்டத்துக்குக் கிளம்ப முடிந்தது. பாட்டில் வெள்ளையாக இருந்ததால் உள்ளே எவ்வளவு கிடக்கிறது என்று தெரியாது. காதோரம் வைத்துக் குலுக்கினால் சளக்கென்று சத்தம் வரும், அது போதும் அவனுக்கு.

விஜயராணியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் வைவாள். அவள் வைய ஆரம்பித்தால் பக்கத்துத் தோட்டத்தில் களை எடுக்கிறவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆளைப் பார்த்தால் ஆறடி, மீசை வேறு. பெண்டாட்டி வாய்க்கு மட்டும் அப்படிப் பயப்படுவான்.

காலாண்டு லீவில் ஒரு நாள், காய் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வியாபாரியின் குட்டியானை வண்டி வரப்போரம் நின்றது. டிரைவர் காமராஜ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பந்தலுக்குள் பெண்கள் குனிந்தபடியே கத்தரியால் கொத்துக் கொத்தாக வெட்டிக்கொண்டிருக்க, கயல் மட்டும் நிமிர்ந்தே நடந்து திரிந்தாள். அந்தப் பந்தலுக்குள் நிமிர்ந்து நடக்கிற உயரம் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. மலைப்பக்கமிருந்து நல்ல காற்று வீசியது. சுருளிக்குக்கூட அன்றைக்கு மனசு லேசாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று கயல் நின்றாள். மேலே கொடியைப் பார்ப்பது போலக் கண் ஒரு பக்கமாகச் சொருகியது. கல்தூணைப் பிடிக்கக் கை நீட்டினாள், பிடி கிடைக்கவில்லை. மண்ணில் விழுந்து வெட்டிவெட்டி இழுக்க ஆரம்பித்தாள்.

“அய்யய்யோ, புள்ளயப் பாருங்க” என்று யாரோ கத்தினார்கள். காய் வெட்டிக்கொண்டிருந்த ஜக்கம்மா ஓடிவந்து தன் கத்தரியை நீட்டினாள். “இத அவ கையில குடு சுருளி. இரும்பு பட்டா நின்டுரும்.”

“ஒன்னும் வேணாம் ஆத்தா. தள்ளி நில்லு, காத்து வரட்டும்” என்றாள் விஜயராணி. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் தலைத் துண்டை உருவி மடித்துத் தலைக்குக் கொடுத்தாள். கழுத்துப் பட்டனைக் கழற்றினாள். சுருளியைப் பார்த்து, “மணியப் பாருங்க” என்றாள்.

சுருளி செல்போனைப் பார்த்தான். எண்கள் கண்ணில் பட்டனவே தவிர மனசில் ஏறவில்லை. நின்றுவிடும், நின்றுவிடும் என்று வாய் தானாக முணுமுணுத்தது. பிள்ளையின் குதிகால் மண்ணில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அங்கே நின்றவர்களைக் கேட்டால்தான் சொல்வார்கள். வலிப்பு நிற்கவில்லை.

விஜயராணி மஞ்சப்பையை அவிழ்த்துப் பாட்டிலை அவன் கையில் வைத்தாள். “அமுக்குங்க. நான் தலையப் பிடிச்சுக்கிறேன்.”

சுருளி மண்டியிட்டான். மூக்கில் வைத்து அமுக்கினான். சாரல் வந்தது, மூக்கு நுனி ஈரமானது. இரண்டாவது அமுக்கில் விரலுக்கடியில் ஏதோ மாறிவிட்டது. தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனால் ஸ்பிரேயர் ஒரு மாதிரி பொய்யாக இரையும். அதே இரைச்சல், சின்னதாக, புஸ்ஸென்று. அடுத்த மூக்கில் வைத்தான். புஸ். இன்னொரு புஸ். வெறும் காற்று.

“ரெண்டு, ரெண்டு. குடுத்தாச்சு” என்றாள் விஜயராணி. பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சத்தம் எங்கே தெரியப்போகிறது. “இப்ப நின்டுரும்மா தங்கம், இப்ப நின்டுரும்.”

அந்த இடத்தில் அவன் சொல்லியிருக்க வேண்டும். மருந்து போகவில்லை என்ற ஒரு வார்த்தை போதும். தினமும் காலையில் அமுக்கி அமுக்கி, பிள்ளையின் மருந்தை வாசல் காற்றுக்குக் கொடுத்துத் தீர்த்தது தான்தான் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வான்? பாட்டிலை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டான்.

காமராஜ் அதற்குள் நூத்தியெட்டுக்குப் போன் போட்டுவிட்டான். “கம்பத்துலயிருந்து வரணுமாம்ணே. ஊருக்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டாந்துருங்க, அங்கன வந்து ஏத்திக்கிறோம்கிறாக. ஏறுங்க.” அடுக்கிய பெட்டிகளை அவனே இழுத்து வரப்பில் தள்ளினான்.

குட்டியானையின் பின்பக்கம் விஜயராணி காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைப் பக்கவாட்டில் மடியில் கிடத்திக்கொண்டாள். சுருளி பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டான். வண்டி குண்டும் குழியுமாகக் குதித்தது. எது வண்டியின் ஆட்டம், எது பிள்ளையின் ஆட்டம் என்று தெரியவில்லை. உதட்டைப் பார்த்தான். ஓரத்தில் நிறம் மாற ஆரம்பித்திருந்தது.

“மருந்து குடுத்தும் நிக்கலையே. ஏன் நிக்கல?” என்று விஜயராணி அவனைத்தான் கேட்டாள். “முன்னாடி மாதிரி இல்லாம பெருசா வந்திருச்சோ?”

“தெரியலையே” என்றான் சுருளி. பொய். இருந்தும் திருத்திச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வந்துவிடும், டாக்டர் பார்த்துக்கொள்வார், சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டான். பயந்தவன் போடுகிற கணக்கு அப்படித்தான் இருக்கும்.

சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பிள்ளையைக் கண்டதும் வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு ஓடிவந்தாள். நர்ஸ் ஷீபா ஆக்சிஜனைத் திறந்து முகத்தில் மாட்டினாள். விரலில் ஆக்சிஜன் அளவு காட்டுகிற ஒரு கிளிப். கையில் ஊசி குத்தி நரம்பில் மருந்து ஏற வழி ஏற்படுத்தினார்கள். டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

“வழியில ஏதாவது மருந்து கொடுத்தீங்களா?”

“மூக்குல அடிக்கிறது குடுத்தோம் டாக்டர். இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. அவுக அமுக்குனாக, நான் பக்கத்துலயே இருந்து பார்த்தேன்” என்றாள் விஜயராணி.

“முழுசா உள்ள போச்சா?”

“முழுசாப் போச்சு.”

டாக்டரம்மாவின் கை நின்றது. ஊசியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, பாதி மருந்தைப் பஞ்சில் பீய்ச்சப் போனாள். ஷீபாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். “இதுவும் அதே இனத்து மருந்து. முழு அளவு ஏற்கனவே போயிருக்கு. அது மேல இன்னொரு முழு அளவு போட்டு மூச்சு நின்னா, இங்க வச்சு நாம ரொம்ப நேரம் சமாளிக்க முடியாது. பாதி போட்டுப் பார்ப்போம். நிக்கலைன்னா அப்படியே தேனிக்கு அனுப்பணும்.”

சுருளிக்கு எல்லாம் கேட்டது. பாதி என்றால் நிற்காது. தேனி என்றால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் முழுக்கப் பிள்ளை வெட்டிக்கொண்டே போனால், இந்தத் தடவை வலது கையோடு போகாது. இப்போது சொல்ல வேண்டும். ஆனால் சொல்லவும் பயமாக இருந்தது. இது வேறு பயம். உண்மையிலேயே ஒன்றும் போகவில்லையா? முதல் அமுக்கு போனது. இரண்டாவதில் கொஞ்சமாவது போயிருக்குமோ? அந்தப் பதற்றத்தில் கேட்ட சத்தத்தை நம்பிப் போகவில்லை என்று சொல்லி, டாக்டர் முழுசையும் ஏற்றி, போயிருந்த மருந்தும் அதோடு சேர்ந்து பிள்ளையின் மூச்சை நிறுத்திவிட்டால்? சொன்னாலும் கொன்றவன், சொல்லாவிட்டாலும் கொன்றவன்.

ஊசி முனையிலிருந்து முதல் சொட்டு பஞ்சில் விழுந்தது.

“கொட்டாதீக டாக்டர்” என்றான் சுருளி. “மருந்து போகல. மொத தடவை மட்டுந்தான் வந்துச்சு. மத்த மூனும் காத்து.”

விஜயராணி திரும்பினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கையை விரித்துப் பாட்டிலை நீட்டினான். டாக்டரம்மா வாங்கி, பஞ்சின் மேல் வைத்து அமுக்கினாள். புஸ். சாய்த்து இன்னொரு தடவை. கடுகளவு ஈரம் பட்டது, அவ்வளவுதான்.

“எத்தனை தடவை இதுக்கு முன்னாடி வலிப்புக்குக் கொடுத்திருக்கீங்க?”

“ஒரு தடவைகூட இல்ல. நான் தெனமும் காலையில அமுக்கிப் பார்ப்பேன். வேலை செய்யுதான்னு. அதுலயே தீந்துபோச்சு.”

டாக்டரம்மா ஒரு நொடி அவனைப் பார்த்தாள். திட்ட அவளுக்கு நேரமில்லை. “முதல் தடவை வந்தது நிச்சயமா?”

“மூக்கு நுனி நனைஞ்சுச்சு. பெறகு நனையல. நான் பார்த்தேன்.” சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பார்த்தான். “நான் சொல்றது தப்பா இருந்தா புள்ளைக்கு என்ன ஆகும் டாக்டர்?”

“அதுக்குத்தான் நாங்க நிக்கிறோம்” என்றாள் டாக்டரம்மா. ஷீபா தலைமாட்டில் போய் நின்று, மூச்சு கொடுக்கிற பலூன் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். பாதியாக்காமல் முழு அளவு மருந்தும் மெல்ல, மிக மெல்ல உள்ளே இறங்கியது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குதிகால் நின்றது. கை நின்றது. கடைசியாகத் தாடை ஒரு தடவை இழுத்துவிட்டு அடங்கியது. விஜயராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுருளி நெஞ்சைப் பார்த்தான். பிள்ளையின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. ஏறியது, கொஞ்சமாக. இறங்கியது. அப்புறம் ஏறவில்லை.

விரலில் மாட்டியிருந்த கிளிப்பின் மிஷின் கீச்சிட ஆரம்பித்தது. டாக்டரம்மா தாடையைத் தூக்கிப் பிடித்தாள், ஷீபா பிள்ளையின் முகத்தில் பையை வைத்து அழுத்தினாள், நெஞ்சு ஏறியது, ஆனால் அது பிள்ளை எடுத்த மூச்சு இல்லை, பையிலிருந்து வந்த மூச்சு. மறுபடி ஒரு அழுத்து. சுருளிக்குத் தெரிந்துபோனது, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன். மருந்து போயிருந்திருக்கிறது. என் பிள்ளையை என் வாயாலேயே கொன்றுவிட்டேன். சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். சாமி பெயர் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

“கயல், கயல், இங்க பாரு” என்று டாக்டரம்மா பிள்ளையின் நெஞ்செலும்பை விரல் முட்டியால் தேய்த்தாள். ஷீபா அழுத்தினாள். இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை.

பிள்ளை இருமினாள். தானாக ஒரு மூச்சை இழுத்தாள், அடுத்ததை இழுத்தாள். கீச்சுச் சத்தம் நின்றது. ஷீபா பையை எடுத்துவிட்டு மறுபடி ஆக்சிஜனை மாட்டினாள்.

“இந்த மருந்துல இப்படிக் கொஞ்ச நேரம் மூச்சு குறையறது உண்டு. வலிப்பு ரொம்ப நேரம் ஓடுனதுல களைப்பு வேற. நீங்க சொன்னது சரிதான், பாதி போட்டிருந்தா நின்னிருக்காது” என்றாள் டாக்டரம்மா. பிறகு குரலை மாற்றிக்கொண்டாள். “புதுப் பாட்டில் வாங்குனா, மொத நாள் எப்படி அமுக்கிப் பார்க்கணும்னு தேனியில கேட்டு, அவங்க முன்னாடியே செஞ்சு பாருங்க. அதோட சரி. பெறகு வலிப்பு வந்தாத்தான் மூடியத் திறக்கணும்.”

சுருளி கைகூப்பினான். காமராஜ்தான் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

நூத்தியெட்டு வந்தது. தேனி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்க்கச் சொல்லி ஏற்றினார்கள். கயல் ஆக்சிஜனோடு தூங்கினாள். கூட வந்த ஊழியர், “மூச்சு சீரா இருக்கு, கவலைப்படாதீங்க” என்றார். பிள்ளையின் இந்தப் பக்கம் சுருளி, அந்தப் பக்கம் விஜயராணி. வண்டி உத்தமபாளையத்துக்குள் நுழைந்தபோதுதான் அவள் கேட்டாள்.

“கொடியடியில அமுக்கையிலயே தெரியுமா, மருந்து வரலன்னு?”

“தெரியும்.”

“வண்டியில நான் கேக்கையில?”

“தெரியும்.”

“பெறகு ஏன் சொல்லல?”

வேறு காரணம் ஏதாவது சொல்லலாமா என்று சுருளி தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. “நீ வைவேன்னுதான்.”

விஜயராணி அவனை வெறித்துப் பார்த்தாள். “என்னையப் பார்த்தா? புள்ள வெட்டிக்கிட்டுக் கிடக்கையில, என்னையப் பார்த்தா பயந்தீக?”

“ஆமா.”

அப்புறம் வைதாள். கூச்சமே இல்லாமல், அந்த ஊழியரை வைத்துக்கொண்டே வைதாள். கூறுகெட்ட மனுசன் என்றாள். திராட்சைக்கு அடிக்கிறதும் புள்ளைக்கு அடிக்கிறதும் ஒன்னாய்யா என்றாள். இம்புட்டு நாளும் எனக்குத் தெரியாம வாசல்ல நின்னு புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சிருக்கீகளே, கொசுவுக்கா அடிச்சீக என்றாள். மீசையை இழுத்தாள், அவன் அப்பாவை இழுத்தாள், தன்னை அவனுக்குக் கட்டிக்கொடுத்த தாய்மாமனையும் விடவில்லை. நடுவில் குரல் கம்மி அழுகை வந்தது, அழுதுகொண்டே வைதாள். ஊழியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்து, அதே முந்தானையால் பிள்ளையின் வாயோரத்து எச்சிலையும் துடைத்துவிட்டு, “தள்ளி உக்காருங்க, புள்ள கால் மடங்கிக் கெடக்கு” என்றாள்.

சுருளி தள்ளி உட்கார்ந்தான். ஜன்னல் வழியே பார்த்தான், அடுத்த ஊரான சின்னமனூர்கூட இன்னும் வரவில்லை. அவ்வளவுதான் அந்த வசவு. இதற்குப் பயந்துதான், பிள்ளையின் உதடு நீலமாகிக்கொண்டு வந்ததைப் பார்த்தபடி அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான்.